ஆட்டுக்கு விடப்பட்ட பையனும் முதல் நாள் வாக்குமூலமும்

குழந்தைத் தொழிலாளர் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் பலருக்கும் சிவகாசிதான் நினைவுக்கு வரும். தீப்பெட்டி, பட்டாசு எல்லாம் தூரத்து ஊர்ச் சமாச்சாரம், காரைக்குடி, தேவகோட்டை வட்டாரம் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்த சீமை, இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை என்ற நிம்மதியோடு இருந்துவிடுகிறோம். அழகப்பச் செட்டியார் தம் நிலத்தையும் பணத்தையும் கொடுத்துக் கல்லூரிகளை எழுப்பிய மண் என்பதில் எனக்கும் பெருமைதான். ஆனால் தை மாதக் கடைசியில் அறுவடை முடிந்து வயல் காய்ந்ததும், அந்தக் கல்லூரிச் சுவர்களிலிருந்து சில மைல் தூரத்திலேயே செம்மறிக் கிடைகள் வந்து இறங்குகின்றன. அவற்றில் சிலவற்றோடு பள்ளியில் உட்கார்ந்திருக்க வேண்டிய வயதுப் பையன்களும் வந்து இறங்குகிறார்கள். அப்படி ஒரு பையனை மீட்பதற்காகத் தகவல் கொடுக்கப் போய், ஓராண்டுக்கும் மேலாக நான் பட்ட பாட்டை இங்கே எழுதுகிறேன். மீட்பு என்னவோ ஒரே நாளில் முடிந்துவிட்டது. அந்த ஒரு நாளில் எழுதப்பட்ட சில வரிகளும் எழுதப்படாமல் விடப்படவிருந்த சில வரிகளும்தான் அதன் பிறகு நடந்த அத்தனையையும் தீர்மானித்தன. இதை எனக்கு முன்பே சொல்ல ஆள் இல்லை.

நான் செட்டிநாட்டுச் சிற்றூர் ஒன்றின் கடைவீதியில் நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறேன். பட்டா மாறுதல், முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ் என்று வருகிறவர்களுக்கு மனுவும் எழுதிக் கொடுப்பேன். எந்த ஊர், எந்தக் கண்மாய், பையனின் பெயர் என்ன என்பதையெல்லாம் இங்கே சொல்ல மாட்டேன். இளைஞர் நீதிச் சட்டம் 2015இன் 74ஆம் பிரிவின்படி, மீட்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். மீட்பு நடந்த அன்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் பையனின் படத்தைப் போட்டு என்னைப் பாராட்டிய அன்பர்களைக் கெஞ்சி அதை நீக்க வைத்தது தனிக்கதை. நல்லெண்ணத்தோடு போட்டாலும் சட்டத்தின் முன் அது ஒன்றுதான்.

கிடையைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இருநூறு, முந்நூறு ஆடுகளைப் பகலெல்லாம் மேய்த்து, இரவில் ஒருவருடைய வயலில் வலை கட்டி அடைப்பார்கள். ஆட்டுப் புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு உரம். அதற்கு நிலக்காரர் காசோ நெல்லோ கொடுப்பார். மந்தைக்குப் பொறுப்பானவரைக் கீதாரி என்போம். ஒரு வயலில் சில இரவுகள் கிடந்த பிறகு கிடை அடுத்த வயலுக்கு, அடுத்த ஊருக்கு நகர்ந்துகொண்டே போகும். ஆடு வளர்ப்பு கௌரவமான தொழில், எங்கள் குடும்ப வயலிலும் என் அப்பா காலத்தில் கிடை போட்டிருக்கிறோம். சிக்கல் ஆள் பற்றாக்குறையில் தொடங்குகிறது. இராப்பகலாக வெயிலிலும் பனியிலும் மந்தையோடு அலைவதற்குப் பெரியவர்கள் கேட்கும் கூலியைக் கொடுக்க முடியாத கீதாரிகள், கடனில் மாட்டிய குடும்பங்களைத் தேடிப் போய் முன்பணம் கொடுத்துப் பையன்களை அழைத்து வருகிறார்கள். பெற்றோர் அதை வேலைக்கு அனுப்பியதாகச் சொல்வதில்லை. "ஆட்டுக்கு விட்டிருக்கோம்" என்பார்கள்.

அந்தப் பையன் 2025ஆம் ஆண்டு மாசி மாதத்தில் கீதாரியின் குடும்ப அட்டையை நகல் எடுக்க என் கடைக்கு வந்தான். பன்னிரண்டு வயது. முழங்காலுக்குக் கீழே கருவேல முள் கிழித்த கோடுகள். அரைஞாண் கயிற்றில் ஓர் ஊக்கு தொங்கிக்கொண்டிருந்தது. நான் நகல் எடுப்பதற்குள் அதைக் கழற்றி, ஒற்றைக் காலில் நின்றபடி பாதத்திலிருந்து ஒரு முள்ளை எடுத்துவிட்டு, ஊக்கை மறுபடியும் கயிற்றிலேயே மாட்டிக்கொண்டான். முகத்தில் எந்தச் சுளிப்பும் இல்லை. எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டேன். "நாலாவதோட சரி அக்கா. கொரோனாவுல பள்ளிக்கூடம் மூடுனாங்கள்ல, தெறந்தப்ப நான் ஆட்டுக்கு வந்துட்டேன்" என்றான். வீட்டுக்கு எப்போது போவாய் என்றதற்கு, "கணக்கு முடிஞ்சாத்தான்" என்றான். எந்தக் கணக்கு என்று அவனுக்குத் தெரியவில்லை. ஆனால் அந்தச் சொல்லைப் பெரிய மனிதனைப் போலச் சொன்னான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பயமும் இருந்தது, கடைக்கு வருகிற வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் வயல்காரர்கள். மறுநாள் குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழைத்தேன். இது நாள் முழுவதும் இயங்கும் இலவச எண்; முன்பு தொண்டு நிறுவனங்கள் வழியாக நடந்தது, 2023 முதல் அரசே ஏற்று 112 அவசர உதவியோடு இணைத்து நடத்துகிறது. உங்கள் பெயரைச் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லாமலே தகவல் தரலாம். நான் பெயரைச் சொன்னேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை. அழைப்பை எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். அவர் கேட்டவற்றில் எனக்குப் பதில் தெரிந்தது பாதிதான். கிடை எந்தச் சர்வே எண்ணில் இருக்கிறது, எந்தக் காவல் நிலைய எல்லை, எந்த வட்டம் என்றெல்லாம் கேட்டார்கள். செட்டிநாட்டு ஊர்கள் சிவகங்கை, புதுக்கோட்டை என இரண்டு மாவட்டங்களிலும் கலந்து கிடக்கின்றன. இன்றைக்கு இந்த மாவட்டத்தில் கிடக்கும் கிடை நாளைக்குச் சாலையைத் தாண்டினால் வேறு மாவட்டம், வேறு ஆட்சியர், மீட்கப்பட்ட குழந்தையைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவும் வேறு. என் விஷயத்தில் அதுதான் நடந்தது. முதலில் ஆள் வருவதற்குள் கிடை நகர்ந்துவிட்டது. வந்தவர்கள் ஆட்டுப் புழுக்கையைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

ஆகவே கிடையோ, கரிமூட்டமோ, செங்கற்சூளையோ, இடம் மாறக்கூடிய வேலையாக இருந்தால் தகவல் சொல்லும்போதே அடுத்து எங்கே போவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கிடைக்கு நிலக்காரர்கள் முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார்கள். டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் அந்த வரிசை தெரிந்துவிடும். கைபேசியில் அந்த இடத்தின் வரைபடக் குறியீட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதிகாரிகளுக்கு அனுப்புங்கள். எல்லை எங்களுடையது அல்ல என்று காவல் நிலையத்தில் சொன்னால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவை நினைவூட்டலாம். குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும் என்று அது சொல்கிறது. முதலாளியை நீங்களே போய் எச்சரிக்காதீர்கள், பையனைக் கேள்வி கேட்டுக் காணொளி எடுக்காதீர்கள். இரண்டாலும் கிடை இரவோடிரவாக நகரும், அவ்வளவுதான்.

மீட்புக்கு வந்த அன்று தொழிலாளர் துறை, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, காவல்துறை, வருவாய்த்துறை எல்லாரும் வந்திருந்தார்கள். பையன் ஆட்டுக்குட்டிகளை அடைக்கும் குடாப்புக்குப் பக்கத்தில் தூக்குச்சட்டியில் பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கீதாரி பதறவில்லை. "என் அக்கா மகன்தான் சார். லீவுக்கு வந்தவன் கூட மாட ஒத்தாசையா இருக்கான்" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் தாயி இதுக்குள்ள வர்றீங்க?" என்று கேட்டார். குரலில் மிரட்டல் இல்லை, நிஜமாகவே புரியாதவரைப் போலத்தான் கேட்டார். அவரும் எட்டு வயதில் மந்தைக்கு வந்தவர் என்று பின்னால் தெரிந்தது.

தாய்மாமன் என்ற அந்த ஒரு சொல்லில் விஷயம் முடிந்துவிடும் போலிருந்தது. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தபோது குறிப்பிட்ட சில தொழில்களில் மட்டும்தான் தடை இருந்தது. 2016இல் திருத்தப்பட்டு, 14 வயதுக்கு உட்பட்டவர்களை எந்த வேலையிலும் வைக்கக் கூடாது என்றானது. ஆனால் அதே திருத்தம் குடும்பத்துக்கு உதவும் குழந்தைக்கு விலக்கும் கொடுத்திருக்கிறது. குடும்பம் என்பதற்கு அந்தச் சட்டம் தரும் விளக்கத்தில் தாய், தந்தை, உடன்பிறந்தோரோடு அத்தை, சித்தப்பா, மாமன், சித்தி வரைக்கும் வந்துவிடுகிறார்கள். விவரமானவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் மாமன் என்கிறார்கள். அந்த விலக்கு பள்ளி நேரத்துக்குப் பிறகும் விடுமுறையிலும் செய்யும், அபாயமில்லாத உதவிக்கு மட்டுமே பொருந்தும் என்பதை அங்கே எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது. மாசி மாதத்தில், வேலை நாளில், பள்ளிக்கே போகாத குழந்தை சொந்த மாமனிடம் இருந்தாலும் விலக்கு கிடையாது. நான் இதை முந்தின இரவு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அந்தத் தாளை வந்திருந்தவர்களில் ஒருவரிடம் கொடுத்தேன். சட்டம் தெரிந்தவர்களுக்கும் அந்த நேரத்தில் கையில் ஒரு தாள் இருந்தால் பேச்சுக்கு வலு வருகிறது.

அடுத்துப் பையனிடம் வாக்குமூலம் எழுதினார்கள். நான் இங்கே சொல்ல வந்த விஷயமே இதுதான். முதலில் எழுதிய தாளில் "இச்சிறுவன் ஆடு மேய்க்கும் வேலையில் ஈடுபடுத்தப்பட்டுள்ளான்" என்பதோடு நிறுத்தியிருந்தார்கள். அது உண்மைதான், பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதோடு முடிந்திருந்தால் வழக்கு குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் மட்டும் போயிருக்கும். முதலாளிக்கு 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பையனின் அப்பா வாங்கிய முன்பணம் அப்படியே கடனாக நின்றிருக்கும். அந்தக் கடனுக்காக அடுத்த மாசியில் அவனோ அவன் தம்பியோ மறுபடியும் மந்தைக்கு வந்திருப்பார்கள். முன்பணம் கைமாறி, அதற்கு ஈடாக ஒருவர் விலக முடியாமல் வேலை செய்தால் அது கொத்தடிமைத்தனம். 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வரும். அந்தச் சட்டத்தின் கீழ் கோட்டாட்சியர் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் கொடுத்தால் கடன் முழுவதும் ரத்தாகிவிடும். கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பும் கடன் கொடுத்தவருடையது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது.

ஆகவே வாக்குமூலத்தில் சில கேள்விகளுக்குக் குழந்தையின் சொந்த வார்த்தைகளில் பதில் ஏறியாக வேண்டும். யார் வந்து அழைத்துப் போனார், அப்போது வீட்டில் யாரிடம் எவ்வளவு பணம் கொடுத்தார், எப்போதிலிருந்து இருக்கிறான், கையில் கூலி எப்போதாவது வந்ததா, இடையில் பண்டிகைக்கு வீட்டுக்குப் போக விட்டார்களா, போகிறேன் என்று கேட்டபோது என்ன சொன்னார்கள். அருகில் கீதாரியும் அவருடைய ஆட்களும் நிற்கும்போது பன்னிரண்டு வயதுப் பையன் இதையெல்லாம் சொல்ல மாட்டான். தனியே உட்கார வைத்துக் கேட்கும்படி நான் மன்றாடினேன். வாகனத்துக்குள் உட்கார வைத்து, பெண் அலுவலர் ஒருவர் அவனுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தார். அப்போதுதான் ஆண்டுக்கு 20,000 ரூபாய் பேச்சு, முதலில் 15,000 கொடுத்தது, தீபாவளிக்கு ஊருக்குக் கேட்டபோது "கணக்கு முடியட்டும்" என்றது எல்லாம் வெளியே வந்தது. இரண்டாவது தாள் எழுதப்பட்டது. அந்த இரண்டாவது தாள் இல்லாமல் இருந்திருந்தால் பின்னால் நான் எழுதிய எந்த மனுவுக்கும் பிடிமானம் கிடைத்திருக்காது.

சட்டப்படி மீட்ட குழந்தையைப் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் நிறுத்த வேண்டும். நிறுத்தினார்கள், அரசு அங்கீகரித்த இல்லம் ஒன்றில் தற்காலிகமாகச் சேர்த்தார்கள். பையனின் ஊர் காவிரிக் கடைமடைப் பகுதி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது தென்னை எல்லாம் சாய்ந்து, தேங்காய் பறிக்கும் வேலை போய், அன்றைக்குத் தொடங்கிய கடன் அந்தக் குடும்பத்தை விடவே இல்லை. தகவல் போய் அவனுடைய அம்மா வந்து சேர்ந்தார். நன்றி சொல்வார் என்று எதிர்பார்த்திருந்தேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. ஆனாலும் அவர் பேசியதற்கு நான் தயாராக இல்லை. "இருந்த எடத்துல அவன் மூணு வேளை சாப்புட்டான். இப்ப அந்தப் பணத்தை நீ குடுப்பியா?" என்று அலுவலக வாசலிலேயே கத்தினார். கை நடுங்கியது. பேருந்தில் ஊர் திரும்பும்போது அழுதேன். இதில் இறங்குகிறவர்கள் இதை எதிர்பார்த்தே இருங்கள். அந்தக் கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். கடன் அப்படியே இருக்கும்போது வருமானத்தை மட்டும் நிறுத்தியவள் அவர் கண்ணுக்கு நான்தானே.

எனக்கான செலவையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மாவட்டத் தலைநகரங்களுக்கும் அலைந்த பேருந்துக் காசு, சில நேரம் பிடித்த வாடகை வண்டி, அம்மாவுக்கு நான் கொடுத்த வழிச்செலவு, அவர் இழந்த நாள்கூலிக்குக் கொடுத்தது, கடையைப் பூட்டிவிட்டுப் போன நாட்களின் வருமானம் எல்லாம் சேர்த்து 40,000 ரூபாய்க்கு மேல் போயிருக்கும். வயல்காரர்கள் சிலர் என் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் பத்திரம், பட்டா எல்லாம் இப்போது பேருந்து நிலையத்துக் கடைக்குப் போகிறது. என் கடை இருக்கும் இடத்துக்குச் சொந்தக்காரர், நல்ல மனிதர்தான், "உங்களுக்கு எதுக்கு இந்த வேலை" என்று வாடகை வாங்க வரும்போதெல்லாம் கேட்டார். இதில் பெருமளவு அலைச்சலைத் தவிர்த்திருக்கலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் கிடைப்பார். வட்ட அளவில் நீதிமன்ற வளாகத்திலேயே அந்தக் குழு இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். அங்கே கிடைத்த வழக்கறிஞர் கோட்டாட்சியருக்கு அனுப்பிய ஒற்றைப் பக்கக் கடிதத்துக்கு, என்னுடைய பல பக்க மனுக்களுக்குக் கிடைக்காத பதில் கிடைத்தது.

அந்த வழக்கறிஞர் இன்னொரு பெரிய சங்கடத்திலிருந்தும் காப்பாற்றினார். இரண்டு ஊர்ப் பெரியவர்களும் கூடி, முன்பணத்தில் கழிந்தது போக இன்னும் பாக்கி இருக்கிறது என்று ஒரு கணக்குச் சொல்லி, அதை யாராவது கட்டிவிட்டால் கீதாரி பக்கம் எந்தத் தகராறும் இருக்காது என்று சமாதானம் பேசினார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது நானே கட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. வழக்கறிஞர் சொன்னார், ரத்தான கொத்தடிமைக் கடனுக்குப் பணம் வாங்குவதே 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றம். இதைக் கூட்டத்தில் எடுத்துச் சொன்னதும் கணக்கு நோட்டு மடிந்துவிட்டது. எங்கள் பக்கத்தில் எதையும் பேசித் தீர்ப்பது நல்ல பழக்கம்தான், பல குடும்பச் சண்டைகள் அப்படித்தான் தீர்கின்றன. குழந்தையை ஈடு வைத்த கடனை மட்டும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கக் கூடாது.

விடுவிப்புச் சான்றிதழ் வந்து சேர மாதங்கள் ஆயின. ஓர் அலுவலகத்தில் கோப்பு இல்லை என்றார்கள். நான் கொடுத்த ஒவ்வொரு மனுவின் நகலிலும் தேதியோடு முத்திரை வாங்கி வைத்திருந்ததால் கோப்பு கிடைத்தது. என் தொழிலே இது என்பதால் இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. நேரில் கொடுத்தால் முத்திரை, அஞ்சலில் போட்டால் விரைவு அஞ்சலும் ஒப்புகையும் (பதிவு அஞ்சல் 2025இல் அதோடு இணைந்துவிட்டது), இரண்டில் ஒன்று இல்லாமல் ஒரு தாளும் கைவிட்டுப் போகக் கூடாது. மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் விடுவிக்கப்பட்டவருக்கு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை தரலாம்; முன்பு அது 20,000 ஆக இருந்தது. குழந்தைகளுக்கும் பெண்களுக்கும் முழு மறுவாழ்வுத் தொகை 2 லட்சம் ரூபாய். உடனடி உதவி தீர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டு எழுத வேண்டும். பணத்தை எந்தக் கணக்கில் வரவு வைப்பது என்று கேட்டபோது எல்லாரும் அம்மாவின் கணக்கைத்தான் சொன்னார்கள். அந்தக் கணக்கிலிருந்து குழுக்கடன் தவணை தானாகவே பிடித்தமாகிக்கொண்டிருந்தது. பணம் விழுந்த அன்றே பாதி போயிருக்கும். பத்து வயது நிறைந்த குழந்தை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கிக் கையாளலாம் என்று ரிசர்வ் வங்கி 2014இலேயே அனுமதித்திருக்கிறது. பையன் பெயரில் புதிய கணக்குத் திறந்த பிறகுதான் எண்ணைக் கொடுத்தோம்.

பள்ளியில் சேர்ப்பது எளிதாக இருக்கும் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். பையன் சொந்த மாவட்டத்துக்கு மாற்றப்பட்டபோது பங்குனி முடியவில்லை. முதலில் போன பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் இல்லை, ஆதாரில் பிறந்த தேதி சரியில்லை, ஆண்டு முடியப் போகிறது, ஜூனில் வாருங்கள் என்று மூன்று காரணம் சொன்னார்கள். இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009இல் இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காட்டிச் சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது என்கிறது 5ஆம் பிரிவு. வயதுச் சான்று இல்லை என்று மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. கல்வியாண்டின் நடுவிலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. இதைவிட முக்கியமானது 4ஆம் பிரிவு. இடைநின்ற குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும், 14 வயது தாண்டிவிட்டாலும் எட்டாம் வகுப்பு முடிக்கும் வரை இலவசக் கல்வி உண்டு. பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் மீட்கப்படுகிற குழந்தைக்கு இந்தக் கடைசி வரிதான் உயிர்நாடி.

உண்மையான முட்டுக்கட்டை வேறு இடத்தில் இருந்தது. பழைய பள்ளியின் பதிவேட்டில் அவன் பெயர் நீக்கப்படாமலே இருந்தது. காகிதத்தில் அவன் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தான். கீதாரி தரப்பும் இதையே காட்டி, படிக்கிற பையன் லீவுக்கு வந்தான் என்று வாதாடியது. பெயர் இருப்பதும் பையன் வருவதும் வேறு வேறு. அம்மாவின் பெயரில் வருகைப் பதிவேட்டின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேட்டோம். பெற்றோர் கேட்டால் மறுப்பதற்கு இடமில்லை. சேர்க்கைக்கும் இதே பெயர்தான் இடித்தது. மாணவர் விவரங்களைப் பதியும் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பழைய பள்ளி அவன் பெயரைத் தன் பட்டியலிலிருந்து பொதுத் தொகுப்புக்கு விடுவித்தால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். தலைமையாசிரியர்களோடு மல்லுக்கு நிற்காமல் வட்டாரக் கல்வி அலுவலகத்திலும் வட்டார வள மையத்திலும் எழுதிக் கொடுங்கள். அங்கே பள்ளி செல்லாக் குழந்தைகளுக்கென்றே பொறுப்பாளர் இருக்கிறார். எங்களுக்கு அங்கே கிடைத்த ஆசிரியப் பயிற்றுநர் ஒரே தொலைபேசி அழைப்பில் அதை முடித்துக் கொடுத்தார்.

ஏழாம் வகுப்பில் உட்கார வைத்தார்கள். எழுத்துக்கூட்டித்தான் படித்தான். ஆனால் கணக்கில், முந்நூறு ஆட்டை ஒரு நோட்டத்தில் எண்ணிப் பழகியவன், மனக்கணக்கில் மற்றப் பையன்களை முந்தினான். முதல் வாரம் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, காலைச் சாப்பாடு தனக்கு மட்டும் இல்லை என்று குறைப்பட்டான். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்பு வரைதான். அவன் விட்டுப் போன வகுப்பில் இருந்திருந்தால் கிடைத்திருக்கும். மதியம் சத்துணவும் முட்டையும் உண்டு என்று சமாதானம் சொன்னேன். வெறும் வயிற்றோடு வருகிற பையன் முதல் இரண்டு பாடவேளையில் தூங்குகிறான் என்று ஆசிரியை சொன்னபோது, சட்டத்தில் எந்தப் பிரிவை எடுத்துக் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவனுடைய அம்மா இப்போது விடியற்காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் ஏதாவது செய்து வைத்துவிட்டுப் போகிறார். என்னிடம் பேசுகிறார், அன்று கத்தியதைப் பற்றி இருவரும் பேசுவதில்லை.

இப்போது எட்டாம் வகுப்பில் இருக்கிறான். வழக்கு நிலுவையில் இருக்கிறது. கொத்தடிமைச் சட்டத்தோடு இளைஞர் நீதிச் சட்டத்தின் 79ஆம் பிரிவும் சேர்ந்திருக்கிறது. குழந்தையை வேலைக்காகக் கொத்தடிமையாக வைத்திருந்தால் ஐந்தாண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் அபராதமும் என்பது அது. நானும் ஒரு சாட்சி. சம்பவம் நடந்த வாரத்திலேயே யார் வந்தார்கள், என்ன பேசினார்கள் என்பதை ஒரு நோட்டில் தேதியிட்டு எழுதி வைத்தேன், இன்றைக்கு அதைப் பார்த்தால்தான் வரிசை நினைவுக்கு வருகிறது. நீங்களும் எழுதி வையுங்கள். சாட்சி சொல்ல அழைப்பாணை வந்தால் வழிச்செலவுக்கு நீதிமன்றத்தில் படி உண்டு. அவர்களாகத் தர மாட்டார்கள், பேருந்துச் சீட்டை வைத்துக்கொண்டு அன்றைக்கே எழுதிக் கேட்க வேண்டும்.